13 அணிகளுக்கு ஆடிய இஷ் ஸ்மித்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் இருப்பதே 30 அணிகள்தான். அவற்றில் 13 அணிகளின் சட்டையைப் போட்டு ஆடியவர் இஷ் ஸ்மித். இது லீக்கின் சாதனை. லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டெஃப் கரி பற்றித் தமிழில் நிறையப் படிக்கக் கிடைக்கிறது. ஊர் ஊராக மாறி மாறி ஆடும் "ஜர்னிமேன்" வீரர்களைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை. லீக் எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் நட்சத்திரங்களைவிட இவர்களைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. புதிதாக என்.பி.ஏ. பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

இஷ் ஸ்மித் யார்?

வட கரோலினா மாநிலத்தின் ஷார்லட் நகரில் 1988 ஜூலை 5 அன்று பிறந்தவர். உயரம் 6 அடி. நம் ஊரில் அது நெட்டை, என்.பி.ஏ.வில் குள்ளம். ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு இடத்தில் ஆடுபவர். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக நான்கு ஆண்டுகள் ஆடினார்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2010 டிராஃப்டில் 60 பேரை எடுத்தார்கள். முதலாவதாக அழைக்கப்பட்டவர் ஜான் வால், எடுத்த அணி வாஷிங்டன் விசார்ட்ஸ். அந்த 60 பேரில் இஷ் ஸ்மித் பெயர் இல்லை. பிறகு ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே தொடங்கி 2023-24 வரை 14 சீசன் ஆடினார்.

ஜான் வால் பெயரை நினைவில் வையுங்கள். கீழே மறுபடியும் வருவார்.

அந்த 13 அணிகள் எவை? வரிசையாகச் சொல்ல முடியுமா?

முதல் சீசன் பாதியில், 2011 பிப்ரவரியில், ஹூஸ்டனிலிருந்து மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸுக்கு மாற்றப்பட்டார். அந்த வசந்தத்தில், வழக்கமான சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் பிளேஆஃபுக்குள் எட்டாவது இடத்தில் நுழைந்த மெம்ஃபிஸ், முதலிடத்தில் இருந்த சான் அன்டோனியோவை வீழ்த்தியது. அடுத்த சீசன் சம்பளத் தகராறால் டிசம்பர் 25 அன்றுதான் தொடங்கியது. அந்தச் சுருங்கிய சீசனுக்குள்ளேயே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், ஆர்லாண்டோ மேஜிக் என்று இரண்டு அணிகள். 2013 பிப்ரவரியில் மில்வாக்கி பக்ஸ், அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபீனிக்ஸ் சன்ஸ். ஃபீனிக்ஸில் ஒரு முழு சீசன். அந்த அணி 48 ஆட்டங்களில் வென்றும் பிளேஆஃப் வாய்ப்பைத் தவறவிட்டது.

2014 இலையுதிர் காலத்தில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அழைத்தது. கெவின் டுரன்ட் காலில் எலும்பு முறிவு, ரஸல் வெஸ்ட்புரூக் கையில் எலும்பு முறிவு. ஆட ஆளில்லாமல் தவித்த தண்டர், லீக்கிடம் சிறப்பு அனுமதி வாங்கி, வழக்கமான 15 பேருக்கு மேல் 16ஆவது ஆளாக அவரைச் சேர்த்தது. பிறகு ஃபிலடெல்ஃபியா செவன்ட்டிசிக்ஸர்ஸ், நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ், மறுபடி ஃபிலடெல்ஃபியா. 2016இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், 2019இல் வாஷிங்டன், 2021இல் பிறந்த ஊரின் ஷார்லட் ஹார்னெட்ஸ், 2022 பிப்ரவரியில் மறுபடி வாஷிங்டன், அந்த ஜூலையில் டென்வர் நக்கெட்ஸ். டென்வர்தான் 13ஆவது அணி. 2022 அக்டோபரில் அந்தச் சட்டையில் களமிறங்கியபோது பழைய சாதனை முறிந்தது. கடைசி சீசனை மீண்டும் ஷார்லட்டில் ஆடினார்.

ஒருமுறை அனுப்பிவிட்ட அணியே திரும்பக் கூப்பிடுமா?

கூப்பிடும். இஷ் ஸ்மித்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2015 பிப்ரவரியில் தண்டர் அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியது. அந்த அணி அவரை ஒரு நிமிடம்கூட ஆடவைக்காமல் விடுவித்தது. இப்படி விடுவிக்கப்படும் வீரரை மற்ற அணிகள் 48 மணி நேரத்துக்குள் உரிமை கோரி எடுத்துக்கொள்ளலாம். ஃபிலடெல்ஃபியா அப்படி எடுத்தது. செலவு எதுவுமில்லை, மிச்சமிருந்த சம்பளம் மட்டும்தான். சீசன் முடிந்ததும் ஒப்பந்தத்தைத் தொடராமல் விட்டுவிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் வாஷிங்டனின் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கும் கழற்றிவிட்டார்கள். அப்போது அவரை எடுத்தது யார் தெரியுமா? பிப்ரவரியில் அவரை வேண்டாம் என்ற அதே நியூ ஆர்லியன்ஸ். அவர்களின் பாயின்ட் கார்டுகள் ஒருவர் பின் ஒருவராகக் காயத்தில் விழுந்திருந்தார்கள்.

இதற்கிடையே ஃபிலடெல்ஃபியாவில் நிலைமை படுமோசம். 31 ஆட்டங்கள் முடிந்தபோது வெற்றி ஒன்று, தோல்வி 30. இளம் உயரமான வீரர்கள் இருந்தார்கள், அவர்கள் கைக்குச் சரியான நேரத்தில் பந்தைக் கொண்டு சேர்க்க ஆளில்லை. 2015 டிசம்பர் 24 அன்று ஃபிலடெல்ஃபியா, டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் இரண்டைக் கொடுத்து இஷ் ஸ்மித்தைத் திரும்ப வாங்கியது. பிப்ரவரியில் சும்மா வந்தவர், கோடையில் வேண்டாம் என்று விட்டவர், டிசம்பரில் விலை கொடுத்து வாங்க வேண்டியவரானார். இரண்டு நாள் கழித்து ஃபீனிக்ஸில் நடந்த ஆட்டத்தில் 111-104 என்று வென்றார்கள். அணிக்கு அது அந்த சீசனின் இரண்டாவது வெற்றி.

மீதமிருந்த மாதங்களில் அங்கே தொடக்க வீரராக, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் ஒருவராக ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 14 புள்ளிகளுக்கு மேலும் சுமார் 7 அசிஸ்டும் (கூட ஆடுபவர் கூடையில் போட வழிசெய்த பாஸ்) எடுத்தார். அணி சீசனை 10 வெற்றி, 72 தோல்வியோடு முடித்தது. கேவலமான கணக்குதான். ஆனால் அந்த அரை சீசன்தான் அவர் வாழ்க்கையை மாற்றியது. 2016 ஜூலையில் டெட்ராய்ட் 3 ஆண்டுகளுக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் தந்தது. ஆர்லாண்டோவில் அவரைப் பயிற்றுவித்த ஸ்டான் வான் கண்டிதான் அப்போது டெட்ராய்ட்டின் பயிற்சியாளர். நான்கு ஆண்டுக்கு முன் வேலை பார்த்த இடத்தில் நல்ல பெயர் எடுத்து வைத்திருந்தால் எப்போதாவது பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

வீரரைக் கேட்காமலே வேறு ஊருக்கு அனுப்ப முடியுமா?

முடியும். டிரேட் என்பது வீரரின் ஒப்பந்தத்தை அப்படியே இன்னொரு அணிக்குக் கைமாற்றுவது. அரசு ஊழியருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வருவதுபோல் வரும், ஆனால் மனுப் போட்டு நிறுத்த இடமில்லை.

"என் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது" என்ற பிரிவை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க ஒரு விதி உண்டு. லீக்கில் 8 ஆண்டு ஆடியிருக்க வேண்டும், அதில் 4 ஆண்டாவது அதே அணிக்கு ஆடியிருக்க வேண்டும். இஷ் ஸ்மித் 14 சீசன் ஆடினார். தொடர்ந்து அதிகம் இருந்தது டெட்ராய்ட்டில், 3 ஆண்டு. ஆக, மாற்றத்திலிருந்து பாதுகாப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு அது கிடைக்க வழியே இல்லாதபடி விதி இருக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மொத்த ஆண்டுகளை மட்டும் கணக்கில் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அவரை ஏன் அத்தனை முறை கைமாற்றினார்கள்?

அவர் இருந்த டிரேட்களின் தலைப்புச் செய்தியைப் பாருங்கள், விடை தெரியும். 2011இல் "ஷேன் பேட்டியர் மெம்ஃபிஸ் திரும்புகிறார்". 2013 பிப்ரவரியில் "ஜே.ஜே. ரெடிக் மில்வாக்கிக்கு". அந்த ஆகஸ்டில் "கேரன் பட்லர் சொந்த மாநிலமான விஸ்கான்சினுக்கு வருகிறார்". 2022 பிப்ரவரியில் மான்ட்ரஸ் ஹாரல், ஜூலையில் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப். எல்லாவற்றிலும் செய்தியின் கடைசி வரியில் "உடன் இஷ் ஸ்மித்தும்" என்று வரும். பெரிய பேரத்தில் ஆள் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் சரிக்கட்டச் சிறிய ஒப்பந்தங்கள் தேவைப்படும். ஓராண்டு ஒப்பந்தக்காரர்கள்தான் அதற்குத் தோது.

விதிவிலக்கு ஒன்று: 2015இன் அந்த டிசம்பர் டிரேட். அதில் அவர் மட்டும்தான் சரக்கு.

டிரேட் ஆன நாளில் என்ன நடக்கும்?

முதலில் போன். ஏஜென்டோ அணியின் பொது மேலாளரோ அழைப்பார். சில வீரர்கள் அதற்கு முன்பே சமூக ஊடகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு விமானம், புது ஊரில் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் டிரேட்டே ரத்தாகலாம். புது அணியின் ஊழியர் ஒருவர் ஓட்டல் அறையைக் காட்டுவார். பழைய ஊரில் வாடகை வீடு, கார், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அப்படியே கிடக்கும். இடம் மாறும் செலவை அணி ஏற்கும் என்று விதி இருக்கிறது. பாதிப் பள்ளி ஆண்டில் பிள்ளையை வேறு மாநிலத்தில் சேர்ப்பதற்கு விதி எதுவும் உதவாது. அதனால் பலர் குடும்பத்தை ஒரே ஊரில் வைத்துவிட்டுத் தனியாக அலைகிறார்கள்.

புது அணியில் ஆடுவது அவ்வளவு கஷ்டமா? எல்லா இடத்திலும் அதே கூடை, அதே பந்துதானே?

மற்றவர்களைவிடப் பாயின்ட் கார்டுக்கு இது கஷ்டம். ஆட்டத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டியவரே அவர்தான். வந்து இறங்கிய மறுநாள் மாலை அவர் பந்தை நடுக்கோட்டைத் தாண்டி எடுத்து வரும்போது, சைகை காட்டி நால்வரையும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு அணியில் இரண்டு விரல் காட்டினால் உயரமான வீரர் மேலே வந்து மறைப்புப் போடுவார். இன்னொரு அணியில் அதே சைகைக்கு மூலையில் நிற்பவர் ஓடிவருவார்.

மறைப்பு ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். உயரமான வீரர் வந்து கார்டின் எதிராளியை மறித்து நிற்பார். கார்டு அவர் தோளை உரசிக்கொண்டு திரும்புவார். அடுத்த அரை நொடியில் அந்த உயரமானவர் கூடையை நோக்கிப் பாய்வாரா, வெளியே நகர்ந்து ஷாட்டுக்கு நிற்பாரா? பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் பிடித்துக் கூடைக்குள் அழுத்துவாரா, தரையில் தட்டிக் கொடுத்தால்தான் பிடிப்பாரா? இதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. கூட ஆடி ஆடித்தான் தெரியும். ஃபிலடெல்ஃபியாவில் இரண்டாம் முறை அவர் உடனே பொருந்தியதற்கு ஒரு காரணம் நெர்லன்ஸ் நோயல். முந்தைய சீசனில் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள். பந்தை எந்த உயரத்தில் போட வேண்டும் என்று இஷ் ஸ்மித்துக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்த 13 அணிகளிலும் அவர் இதைப் புதிதாகக் கற்றார். அதைத் திறமை என்று யாரும் புள்ளிவிவரத்தில் எழுதுவதில்லை.

உண்மையைச் சொல்லுங்கள், ஆட்டம் போதாததால்தானே யாரும் வைத்துக்கொள்ளவில்லை?

குறை இருந்தது. தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில் அவர் பலவீனமானவர். அவர் லீக்கில் இருந்த 14 ஆண்டுகளும் எல்லா அணிகளும் அந்த ஷாட்டை நோக்கி ஓடிய காலம். எதிரணி கார்டு அவரைத் துரத்தாமல், மறைப்புக்குக் கீழே நழுவிப் போய் உள்ளே காத்திருப்பார், "வேண்டுமானால் எறிந்து பார்" என்பதுபோல. இஷ் ஸ்மித்தின் பதில் வேகம். அந்த இடைவெளிக்குள் முழு ஓட்டத்தில் புகுந்து, கூடைக்குப் போகும் வழியில் சட்டென்று நின்று எறிவார். அந்த நடுத்தூர ஷாட் அழகானது. ஆனால் நிறுத்தப்பட வேண்டிய ஷாட் என்று பல அணிகளின் புள்ளிவிவரக் கணக்குப்பிள்ளைகள் முடிவு செய்திருந்த ஷாட்டும் அதுதான்.

என்றாலும் "யாரும் வைத்துக்கொள்ளவில்லை" என்பது பாதி உண்மை. 13 அணிகள் விட்டன என்றால் 13 அணிகள் அழைத்தன. மோசமான வீரரை ஒரு அணி தவறாக எடுக்கலாம், இரண்டு அணிகள் எடுக்கலாம். 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்டே இருக்க மாட்டார்கள். லீக்கில் ஒரே நேரத்தில் சுமார் 450 இடங்கள்தான். ஒவ்வொரு ஆண்டும் சுமார் 60 புதியவர்கள் டிராஃப்டில் வருகிறார்கள், ஐரோப்பாவிலிருந்தும் வருகிறார்கள். அத்தனை பேர் நெருக்கும் வாசலில் இவர் 36 வயதை எட்டும்வரை உள்ளேயே நின்றார்.

இப்போது ஜான் வால். 2019இல் காயத்தால் அவர் முழு சீசனும் ஆட முடியாமல் போன நேரத்தில், வாஷிங்டன் அவர் இடத்தில் ஆடுவதற்காக எடுத்தவர்களில் ஒருவர் இஷ் ஸ்மித். ஒப்பந்தம் 2 ஆண்டு, 1 கோடியே 20 லட்சம் டாலர். 2010 டிராஃப்டின் முதல் பெயருக்குப் பதிலாக, அந்தப் பட்டியலிலேயே இல்லாத பெயர். வால் கடைசியாக என்.பி.ஏ. களத்தில் ஆடியது 2023 ஜனவரியில். வால் உச்சத்தில் இருந்தபோது இஷ் ஸ்மித்தைவிடப் பல மடங்கு பெரிய வீரர், அதில் சந்தேகமே வேண்டாம். காயம் அவரை முடித்துவிட்டது. நீடிப்பது தனி வித்தை என்று மட்டும் சொல்கிறேன்.

10 நாள் ஒப்பந்தம் என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு சீசனிலும் ஜனவரி 5 முதல் அணிகள் 10 நாளுக்கு மட்டும் ஒருவரை எடுக்கலாம். அந்த 10 நாளில் மூன்று ஆட்டங்கள்கூட இல்லையென்றால், மூன்று ஆட்டங்கள் முடியும்வரை நீளும். ஒரே அணி ஒரு சீசனில் ஒருவருக்கு இப்படி இரண்டு முறைதான் தரலாம். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை ஒப்பந்தம் போட வேண்டும்.

ஜனவரியில் இந்த வாசல் திறக்கும் அதே வாரத்தில் இன்னொரு கதவு மூடும். உறுதி செய்யப்படாத ஒப்பந்தங்கள் எல்லாம் ஜனவரி 10 அன்று முழு சீசனுக்கும் உறுதியாகிவிடும், அதாவது பிறகு விடுவித்தாலும் சம்பளத்தைத் தந்தாக வேண்டும். அதனால் அதற்குச் சில நாள் முன்பாகவே அணிகள் பலரை விடுவித்துவிடும்.

இந்திய வம்சாவளியிலிருந்து என்.பி.ஏ.வில் முதன்முதலில் ஆடிய கனடாக்காரர் சிம் புல்லரும் 10 நாள் ஒப்பந்தத்தில்தான் உள்ளே வந்தார். 2015 ஏப்ரலில், சாக்ரமென்டோ கிங்ஸுக்காக.

பணம் நிறைய வருமே, பிறகென்ன கவலை?

வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கையில் நிற்பது வேறு. ஏஜென்டுக்கு 4 சதவீதம் வரை போகும், குறைந்தபட்சச் சம்பளம் என்றால் 2 சதவீதம் வரை. ஆடப் போகும் மாநிலங்கள் பலவும் தனித்தனியே வரி பிடிக்கும். லீக்கின் வருமானக் கணக்கு முடியும்வரை சம்பளத்தில் 10 சதவீதம் வரை நிறுத்தி வைப்பார்கள்.

ஜர்னிமேன் வீரர்களுக்கு உண்மையில் முக்கியமான எண் 3. மூன்று ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியத் தகுதி உண்டு. அதே மூன்று ஆண்டு முடித்த ஓய்வுபெற்ற வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு தருவதென்று 2016இல் வீரர் சங்கம் முடிவு செய்தது. இரண்டரை ஆண்டோடு நின்றுபோன எத்தனையோ பேருக்கு அந்த ஒரு சில மாதங்களின் விலை என்னவென்று தெரியும்.

இவருக்கு முன் சாதனை யாரிடம் இருந்தது?

12 அணிகளோடு நான்கு பேர்: சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித். நால்வரில் இருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டின் முதல் தேர்வு. அவ்வளவு உயரத்தில் தொடங்கியவர் ஏன் 12 அணிகளுக்கு அலைந்தார்? மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அவரோடு ரகசிய உடன்பாடு ஒன்று செய்திருந்தது: இப்போது சில ஆண்டு குறைந்த சம்பளத்துக்கு ஆடு, பிறகு பெரிய தொகை தருகிறோம். 2000இல் இது வெளியே வந்தது. லீக் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்து, அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம் போட்டு, முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் ஐந்தைப் பறித்தது. பிறகு தண்டனையில் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஜோ ஸ்மித்துக்கு வாக்களிக்கப்பட்ட பெரிய தொகை போனது போனதுதான். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை பெட்டியும் கையுமாகவே கழிந்தது.

சக்கி பிரவுன் கதை நேர்மாறானது. 1994-95இல் சிறிய லீக்கான சி.பி.ஏ.வில் யாக்கிமா அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 10 நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டது. ஆறாவது இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்த ஹூஸ்டன் கோப்பையை வென்றது. யாக்கிமாவும் அதே ஆண்டு தன் லீக்கில் சாம்பியன். ஒரே சீசனில் இரண்டு லீக்கிலும் பட்டம். 1996இல் சார்ல்ஸ் பார்க்லியை வாங்க ஹூஸ்டன் கொடுத்த நான்கு பேரில் அவரும் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்.

இஷ் ஸ்மித் கோப்பை வென்றாரா?

வென்றார். 2023 ஜூன் 12 அன்று டென்வர் 94-89 என்று மயாமி ஹீட்டை வீழ்த்தி, இறுதித் தொடரை 4-1 என்று முடித்தது. அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் பட்டம். அதே அணியில் இருந்த ஜெஃப் கிரீனும் 11 அணிகளைப் பார்த்தவர், அவருக்கும் அது முதல் மோதிரம் (கோப்பை வென்ற அணியினருக்குத் தருவது).

அந்த பிளேஆஃபில் இஷ் ஸ்மித் களத்தில் இருந்த நேரம் மிகக் குறைவு. "சும்மா உட்கார்ந்து வாங்கிய மோதிரம்" என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அக்டோபரிலிருந்து ஜூன்வரை தினமும் பயிற்சியில் எதிரணிக் கார்டாக நின்று தொடக்க வீரர்களை ஓடவைப்பதும் வேலைதான். அதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? லீக்கின் பாதி அணிகள் எப்படி ஆடும் என்று உள்ளே இருந்து பார்த்தவர்.

அவர் ஆட்டத்தைப் பார்க்க எங்கே தொடங்கலாம்?

2015-16 ஃபிலடெல்ஃபியா ஆட்டங்களில் தொடங்குங்கள். டிசம்பர் 26க்கு முந்தைய ஆட்டம் ஒன்றையும் அன்றைய ஃபீனிக்ஸ் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். புள்ளிகளை எண்ண வேண்டாம். பந்து நடுக்கோட்டைத் தாண்ட எத்தனை நொடி ஆகிறது, உயரமான வீரர்கள் கையில் பந்து எந்த இடத்தில் சேர்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்ததாக டெட்ராய்ட்டில் ரெஜி ஜாக்சன் காயமடைந்த நாட்களில் இவர் தொடக்க வீரராக ஆடியவை. டென்வர் ஆட்டங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.